சார்ஜரைக் கழற்றினால் அணைந்துவிடும் பழைய மடிக்கணினிக்கு மதர்போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். உயர்தரம் படிக்கும் தங்கைக்காக வாங்கிய பழைய டெல் மடிக்கணினி. சார்ஜரைக் கழற்றினால் உடனே அணைகிறது, சில நாட்களில் செருகியும் எழுவதில்லை. கடையில் மதர்போர்ட், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பிரதான சுற்றுப்பலகை, போய்விட்டது என்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி? பணத்தை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். ஹட்டனில் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். இந்த அறிகுறிகளுக்கு மதர்போர்டைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். சோதித்துக் காட்டாமல் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சார்ஜரிலிருந்து தொடங்குங்கள். பழைய கணினியை விற்பவர்கள் முனை பொருந்தும் ஏதோ ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடுவதுண்டு. அதன் அடியில் இருப்பதைப் படியுங்கள். டெல் வகைகள் பெரும்பாலானவற்றுக்கு 19.5 வோல்ட் தேவை. 65 வாட் சார்ஜரில் 3.34 ஆம்பியர் என்றும் 90 வாட்டில் 4.62 என்றும் இருக்கும். வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் கெடுதல் இல்லை, குறையக் கூடாது. அடுத்து முனையின் நடுவே உள்ள மெல்லிய ஊசியைப் பாருங்கள். சார்ஜர் தன்னைக் கணினிக்கு அடையாளம் காட்டுவது அதன் வழியாகத்தான். ஊசி வளைந்திருந்தாலோ உள்ளே வயர் அறுந்திருந்தாலோ கணினி ஓடும், ஆனால் பெட்டரி ஏறாது, வேகமும் குறையும். கணினி எழும்போது எஃப் 2 விசையை அழுத்தி பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரைக்குள், போனால் சார்ஜர் எத்தனை வாட் என்று காட்டும். தெரியவில்லை என்று வந்தால் வேறொருவரின் நல்ல டெல் சார்ஜரை வாங்கிச் செருகிப் பாருங்கள்.

அதிலும் ஏறாவிட்டால் பெட்டரியைப் பாருங்கள். சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகுங்கள். தடுமாறாமல் ஓடினால் பெட்டரிதான் முடிந்திருக்கிறது. டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பெட்டரி வீங்கிவிட்டது. அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், அதன் பிறகு சார்ஜும் போடாதீர்கள்.

சில நாட்களில் எழுவதில்லை என்றீர்களே, அதற்குச் செருகுவாய், அதாவது கணினியில் சார்ஜர் முனையைச் செருகும் துளை, காரணமாக இருக்கலாம். முனையை மெல்ல அசைக்கும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அல்லது அந்த இடம் சுட்டால், அதுதான். பல டெல் வகைகளில் அது வயரோடு தனியாகக் கழன்றுவரும் சிறு பாகம். போர்டைத் தொட வேண்டியதில்லை.

சார்ஜரில் எரியும் விளக்கு, கணினியில் செருகியதும் அணைந்து, எடுத்ததும் மீண்டும் எரிந்தால் மட்டும் நிலைமை வேறு. இன்னொரு நல்ல சார்ஜரிலும் அப்படியே நடந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது, அதாவது மின்சாரம் போகக் கூடாத குறுக்கு வழியில் பாய்கிறது. அப்போது கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கக்கூடும். அப்போதும் முழுப் போர்டையும் மாற்றுவதற்கு முன், எந்தப் பாகம் ஷோர்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சிறு கெப்பாசிட்டரை மாற்றியே சரியாகும் போர்டுகளும் உண்டு.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கரண்ட் குறைந்து பல்ப் மங்குவதை நினைத்து ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும். அந்த இறக்கத்தை அது தாங்கிக்கொள்ளும். தளர்ந்த பிளக்கில் வரும் தீப்பொறியையும் மின்னலையும்தான் தாங்காது. உருண்டை ஊசி பிளக்கை அடாப்டருக்குள் திணித்து, அதை இன்னொன்றில் மாட்டி வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். தங்கை அந்த நேரத்தில் பெட்டரியில் படிக்கலாம்.