திருச்சி சின்ன ஊரா? வெள்ளவத்தை வாசகி ஒருவருக்குப் பதில்

கேள்வி: மகள் உயர்தரம் முடித்துவிட்டாள். தமிழ்நாட்டில் பி.கொம் படிக்க வைப்பதாக முடிவு. மூன்று வருடம் அவளோடு நானும் என் அம்மாவும் அங்கே வாடகைக்கு இருக்கலாம் என்று யோசனை. அம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தமும் கண்ணில் புரையும் உண்டு. கணவர் கொழும்பில் வேலை பார்த்தபடி இடைக்கிடை வந்து போவார். வளசரவாக்கத்தில் இருக்கும் மைத்துனர் சென்னைக்கு வரச் சொல்கிறார். எனக்குத் திருச்சிதான் பிடித்திருக்கிறது. ஆனால் அது சின்ன ஊர், அங்கே ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். மதுரை, கோயம்புத்தூரும் பேச்சில் அடிபடுகின்றன. எங்கே போவது நல்லது? முடிந்தால் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வாங்க முடியாது. இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைக் குடியுரிமை உள்ள ஒருவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்க இயலாது. பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா, நேபாளம் என்று போகும் பட்டியலில் நாமும் இருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. "அங்கே இருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் பேரில் எழுதிவிட்டால் போயிற்று" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அப்படிப் போட்ட காசைத் திருப்பி எடுக்க வழி கேட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. வாடகைக்கே போங்கள்.

இனி ஊர் விஷயம். திருச்சி சின்ன ஊர் என்பது சென்னையில் இருப்பவர்களின் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சிக்குள் மட்டும் எட்டரை இலட்சம் பேரளவில் இருந்தார்கள். சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் பத்து இலட்சம் சொச்சம். அதற்கடுத்த வருடம் இங்கே எடுத்த கணக்கில் கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இருந்தவர்கள் ஐந்தரை இலட்சம் சொச்சம்தான். தெகிவளை, கல்கிசை, கோட்டே என்று ஒட்டிக்கிடப்பதையெல்லாம் கூட்டினால் நாம்தான் பெரிய ஊர், சரி. ஆனாலும் வெள்ளவத்தைச் சந்தியில் நின்றுகொண்டு திருச்சியைப் பட்டிக்காடு என்று சொல்ல நமக்கு அவ்வளவு உரிமை இல்லை.

இந்தியாவின் அதே 2011 கணக்கெடுப்பில் சென்னை நகர்ப்பரப்பு 86 இலட்சம், கோயம்புத்தூர் 21 இலட்சம், மதுரை பதினாலரை இலட்சம். திருச்சி நாலாவது. நாலாவது ஊரில் மற்ற மூன்றிலும் இருக்கிற எல்லாம் இருக்காது என்பது உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அந்த 'எல்லாம்' மாதத்தில் எத்தனை தடவை வேண்டும்? என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு தாளில் இதை எழுதிப் பார்க்கச் சொல்வேன். தினமும் வேண்டியது, வாரம் ஒருமுறை வேண்டியது, வருடத்தில் இரண்டு தரம் வேண்டியது. வருடத்தில் இரண்டு தரத்துக்காகப் பெரிய நகரத்தில் போய் உட்கார்ந்து, தினமும் வேண்டியதற்கு ஒன்றரை மணித்தியாலம் டிராஃபிக்கில் கிடப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் தாளை நானே எழுதிப் பார்க்கிறேன்.

மகளுக்குத் தினமும் வேண்டியது கல்லூரி. கலை, வணிகப் படிப்புகளுக்குத் திருச்சி பழைய ஊர். புனித வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்தது. பிஷப் ஹீபர், ஜமால் முகமது, பெண்களுக்கென்றே ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசுவாமி என்று தெரிவு செய்ய இடம் உண்டு. மாணவர் விசாவில் போகிறவள் அங்கே வேலை செய்ய முடியாது. ஆகவே சென்னையின் ஐ.டி. கம்பனிகளும் சம்பளங்களும் உங்கள் மூன்று வருடக் கணக்குக்குள் வருவதில்லை. அவள் ஊடகமோ சினிமாவோ வடிவமைப்போ படிக்கப் போகிறாள் என்றால் என் பதில் மாறியிருக்கும். அந்தத் துறைகளில் வகுப்பறையைவிட வெளியில் கற்பதுதான் கூட, அந்த வெளி சென்னையில் இருக்கிறது. பி.கொம்முக்கு அது தேவையில்லை. எந்தக் கல்லூரியானாலும் காசு கட்டுமுன், அந்தப் பட்டம் இங்கே செல்லுபடியாகுமா என்று நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வேண்டியது மாதம் ஒருமுறை சீனி பார்க்க ஒரு டொக்டர், அப்புறம் கண் ஒப்பரேஷன். இரண்டுக்கும் திருச்சி தாராளமாகப் போதும். ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் அங்கே இருக்கிறது. தில்லைநகர், புத்தூர்ப் பக்கம் நடந்தால் இரண்டு கட்டடத்துக்கு ஒன்று ஆஸ்பத்திரி, லாப், மருந்துக்கடை. அதைவிடப் பெரிய விஷயம் ஏதும் வந்தால், கடவுளே வரக்கூடாது, அப்போதுதான் சென்னையோ வேலூரோ மதுரையோ.

இங்கேதான் திருச்சி நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் நடுவில், காவிரிக் கரையில், எல்லாப் பாதையும் வந்து சந்திக்கும் சமவெளி. தஞ்சாவூர் ஒன்றேகால் மணி நேரம். மதுரை 130 கிலோமீட்டர் சொச்சம், கோயம்புத்தூர் 200 சொச்சம், சென்னை 330க்குள். 2023இலிருந்து ஓடும் வந்தே பாரத் ரயிலில் ஏறினால் எழும்பூருக்கு நாலு மணித்தியாலம் மட்டில். ரயில் பெரிய சங்கதியான ஊர் அது. 1920களில் நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறையைத் திருச்சியின் பொன்மலைக்கு மாற்றியதிலிருந்தே அப்படித்தான். சென்னையில் இருந்தால் மதுரை தூரம், மதுரையில் இருந்தால் சென்னை தூரம். திருச்சியில் இருந்தால் ஒன்றும் பக்கத்தில் இல்லை, ஒன்றும் தூரத்திலும் இல்லை.

பஸ்ஸில் போவதானால் ஒரு எச்சரிக்கை. வெளியூர்ப் பஸ்கள் 2025 நடுப்பகுதியிலிருந்து பஞ்சப்பூர் புதிய நிலையத்திலிருந்து போகின்றன. பழக்கதோஷத்தில் மத்திய பேருந்து நிலையத்தில் பையோடு போய் நின்று, பக்கத்துக் கடைக்காரர் சிரித்தபடி வழி சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. சென்னையிலும் இதே கதை. தெற்கேயிருந்து போகும் பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். நகருக்குள் போக இன்னொரு பயணம்.

உங்கள் கணவருக்கு வேண்டியது கட்டுநாயக்கவிலிருந்து நேர் விமானம். சென்னை, திருச்சி, மதுரை மூன்றுக்கும் ஸ்ரீலங்கன் போகிறது. திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான்; காலிவீதியில் அதைவிட நேரம் நின்றிருப்பார். 2024 ஜூனில் திறந்த புதிய முனையம் விசாலமானது. மலேசியா, சிங்கப்பூர் விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கும் நேரத்தில் மட்டும் வரிசை நீளும். வெளியே வந்தால் அரை மணிக்குள் வீடு. சென்னையில் விமானங்கள் அதிகம், நேரத்தைத் தெரிவு செய்யலாம். ஆனால் இறங்கிய பிறகு வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தெரிவு செய்ய முடியாது.

இவ்வளவும் திருச்சிக்குச் சாதகமாகச் சொன்னேன். இனி வெயில். இதை யாரும் உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கொழும்பில் நாம் புழுக்கம் என்று அலுத்துக்கொள்வது 32, 33 பாகையில். திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் 40ஐத் தொடுவது செய்தியே இல்லை. சென்னைக்காவது பின்னேரம் கடற்காற்று வரும். திருச்சிக்கு வராது. ஒரு மே மாதம் உறையூரில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த வீடு. பின்னேரம் நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் மேலே கறுப்புத் தாங்கியிலிருந்து தேத்தண்ணி போடுகிற சூட்டில் தண்ணீர் வந்தது. இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் அடுப்படிச் சுவர் மாதிரி. வீட்டுக்கார அம்மா காலை ஆறு மணிக்கே இரண்டு வாளி நிரப்பிக் குளியலறையில் வைத்துவிடுவார், பின்னேரக் குளியலுக்கு. முதல் நாள் ஏன் என்று கேட்டேன். இரண்டாம் நாள் கேட்கவில்லை. வாடகை குறைவாக இருக்கிறதே என்று மேல் மாடி வீட்டை எடுத்துவிடாதீர்கள். 74 வயதில் அந்த இரவுகள் விளையாட்டல்ல.

தண்ணீர் விஷயத்தில் கதை தலைகீழ். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, சென்னை முழுக்கத் தண்ணீர் லொறிக்குக் காத்திருந்தது. திருச்சிக்கு ஆற்றுப்படுகையிலேயே கிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் காவிரி வெறும் மணலாகத் தெரியும் மாதத்திலும் மணலுக்கு அடியில் நீர் இருக்கும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டி வருகிற அன்று ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மதுரையும் கோயம்புத்தூரும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரைக்கு அரவிந்த் கண் மருத்துவமனையும் நேர் விமானமும் இருக்கின்றன. வெயிலில் திருச்சிக்கு ஒன்றும் குறைந்ததல்ல. அங்கே உறவினர் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் திருச்சியை விட்டு மதுரைக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு இருக்கும் ஊர். காலநிலைக்கு மட்டும் மார்க் போட்டால் அதுதான் முதல். ஆனால் அது தொழில் நடத்துகிறவர்களின் ஊர். உங்கள் தாளில் அதற்கு வேலை குறைவு.

சென்னை உண்மையிலேயே வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் மைத்துனர் அதைச் சொன்னாரோ தெரியாது. இந்தியாவில் வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பவர், அவர்கள் வந்த 24 மணித்தியாலத்துக்குள் 'சி ஃபோம்' என்று வழக்கத்தில் சொல்லும் படிவத்தை அரசுக்குக் கொடுக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போகிறவர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியதும் பெரும்பாலும் வரும். இப்போது இரண்டும் ஒன்லைனில் முடியும். ஆனால் வீட்டுக்காரர் காதில் 'இலங்கை', 'போலீஸ்' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து விழுந்தால் போதும், பேசி முடித்த வீடு கைவிட்டுப் போகும். வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் நம்மவர்கள் நீண்டகாலமாக இருப்பதால் வீட்டுக்காரர்களுக்கு இது பழகிப்போனது. திருச்சியில் அப்படிப் பழகியவர்கள் குறைவு. ஆகவே புரோக்கரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்குமுன் "சி ஃபோம் போடுவாரா?" என்று கேளுங்கள். முற்பணம் பேசும்போதும் கவனம். மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்து வைத்தால் அதுதான் செல்லும். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் எந்த விசா, ஒரே மூச்சில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதையும் வீடு தேடுமுன் முடித்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் குடித்தனம் நடத்த முடியாது.

இடம் என்று கேட்டால் தில்லைநகர் அல்லது ஸ்ரீரங்கம். தில்லைநகரில் பெரிய வீதியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று 'கிராஸ்' தெருக்கள் இலக்கம் போட்டுப் பிரியும். காலிவீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பழகிய உங்களுக்கு வழி தவறாது, முடிவில் கடல் இருக்காது என்பதுதான் வித்தியாசம். ஸ்ரீரங்கத்தில் அம்மாவுக்குக் கோயில் நடை தூரம். ஆனால் மகள் தினமும் காவிரிப் பாலத்தைக் கடக்க வேண்டும், வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் வீட்டு வாசலிலேயே சனம் நிற்கும். நான் என்றால் தில்லைநகர், தரைத்தளம் அல்லது முதல் மாடி.

சில்லறை விஷயங்கள். யாழ்ப்பாணத் தூளை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கடல் தூரம், மீனில் கொஞ்சம் சமாளிக்க வேண்டும். மரக்கறிக்குக் காந்தி மார்க்கெட் இருக்கிறது. "கொஞ்சம் கதைக்கலாமா" என்று ஆரம்பித்தால் "கேரளாவா மேடம்?" என்று கேட்பார்கள், கோபப்படாதீர்கள். வயதானவர்கள் என்றால் இலங்கை என்றதும் முகம் மலரும், "சிலோன் ரேடியோ!" என்பார்கள். திருச்சி வானொலியை யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்த கதையை அம்மா சொன்னால், வாடகையில் ஐந்நூறு குறைந்தாலும் குறையும்.

முடிவெடுக்குமுன் ஒரு வாரம் போய் இருந்து பாருங்கள். மார்கழி, தையில் போகாதீர்கள், அப்போது எந்த ஊரும் நல்ல ஊர்தான். மே மாதத்தில் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பார்க்கிற வீட்டுக்குப் பகல் பதினொரு மணிக்கு ஒருமுறையும், இரவு ஒன்பது மணிக்கு இன்னொருமுறையும் போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.