பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 43. மொரீசியசில் காத்ர் போர்ன் நகரில் வசிக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் என் மனைவிக்கும் மணமுறிவு ஆயிற்று. 11 வயது மகளும் 8 வயது மகனும் என்னோடு இருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை மாலை அவர்களுடைய தாயார் வந்து ஃபிளாக்கில் உள்ள தம் வீட்டுக்கு அவர்களை அழைத்துச் செல்வார். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவந்து விடுவார்.

அந்த இரண்டு நாட்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. துணி துவைத்துச் சீருடைகளை இஸ்திரி போடுகிறேன். பிள்ளைகளுக்கு நான்கைந்து முறை தொலைபேசியில் பேசுகிறேன். வீடு வெறிச்சோடிக் கிடப்பதைத் தாங்க முடியாமல், சனிக்கிழமைகளில் தனிவகுப்பு எடுக்கவும் ஒப்புக்கொண்டேன், பணத்துக்காக அன்று. கல்லூரி நண்பர்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். அங்கே தனியாகப் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. கோயிலுக்குப் போனால் யாராவது ஒருவர் பழைய கதையைக் கேட்டுவிடுவார்கள் என்ற அச்சம். சென்ற ஆண்டு உறவினர் திருமணத்தில் பந்திக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். ஒருநாள் சக ஆசிரியர் வீட்டு விருந்தில் வாய்விட்டுச் சிரித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம், பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் நேரத்தில் இப்படிச் சிரித்தோமே என்று மனம் குத்தியது. நான் மகிழ்ச்சியாக இருப்பது தவறா? மனிதர்களோடு மறுபடியும் பழக எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

நான் உங்களைவிட இருபது வயது மூத்தவன் என்பதால் தம்பி என்றே அழைக்கிறேன். நானும் மனைவியை இழந்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவன். என் மாமியார் மாயேபூரில் இருந்தார். மாதத்தில் இரண்டு முறை பேத்திகளைத் தம்மோடு வைத்துக்கொள்வார். ஆகையால் பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமைக் காலையில் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் உங்கள் குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது தீராமல் மற்ற எதுவும் நடக்காது. நீங்கள் சிரித்ததால் உங்கள் பிள்ளைகள் எதையும் இழக்கவில்லை. அவர்கள் அந்த நேரத்தில் தம்மைப் பெற்ற தாயோடு, பாதுகாப்பாக இருந்தார்கள். அப்பா தனியாக வீட்டில் சுருண்டு கிடக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அவர்களுக்கு இழப்பு. 11 வயதுப் பெண் அதைக் கட்டாயம் உணர்ந்திருப்பாள். என் மூத்த மகள் பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னாள்: பாட்டி வீட்டில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், "அப்பா இப்போது சாப்பிட்டிருப்பாரா" என்ற நினைப்பு அவளுக்கு ஓடிக்கொண்டே இருந்ததாம். அந்தச் சுமையை நான் தெரியாமல் அவள் தலையில் ஏற்றிவைத்திருந்தேன். அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

நான்கைந்து முறை பேசுவதை ஒரே முறையாக்குங்கள். சனிக்கிழமை இரவு, அவர்கள் உறங்கப் போகும் முன், பிள்ளைகளோடும் அவர்களுடைய தாயாரோடும் முன்கூட்டியே பேசி முடிவு செய்த ஒரு நேரத்தில். அடிக்கடி பேசினால், விளையாட்டின் நடுவில் இருக்கும் பிள்ளையை அங்கிருந்து பிடுங்கி இங்கே கொண்டுவருவது போலாகிவிடும். அந்த வீட்டிலும் வீண் மனத்தாங்கல் வளரும். சீருடைகளை வாரநாள் இரவுகளில் இஸ்திரி போட்டுவிடலாம், மகளும் மகனும் தங்கள் பங்குக்கு மடித்து வைக்கட்டும். தனிவகுப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: உங்களை நம்பி வந்த மாணவர்களை நடுவில் விட்டுவிடாதீர்கள், இந்த ஆண்டின் தேர்வு முடியும்வரை நடத்துங்கள், அடுத்த ஆண்டு சனிக்கிழமையில் வகுப்பு வைக்காதீர்கள். வெறுமையை மறப்பதற்காக எடுத்துக்கொண்ட வேலை, வெறுமை போனபிறகும் நம்மை விடாது.

இனி, மனிதர்களோடு பழகுவதற்கு வருகிறேன். நேரில் காணாமலே உயிர் நட்பாகிவிட்ட கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையை நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வழி வாய்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி மறுபடி உட்கார்ந்துதான் நட்பு உண்டாகிறது. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவையே சொல்கிறது: அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சேர்ந்து கழித்த நேரம் ஏறத்தாழ 50 மணி, நண்பர் என்றே சொல்லிக்கொள்ள 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல். உங்களுக்கு ஆண்டில் 26 சனி ஞாயிறுகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் அதே மனிதர்களோடு 3 மணி நேரம் இருந்தால் ஓர் ஆண்டில் 78 மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கூட்டத்துக்குப் போய், புதிய முகங்களிடம் பேரும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு ஒருபோதும் ஏறாது. ஆகவே எங்கே போவது என்பதைவிட, எங்கே திரும்பத் திரும்பப் போக முடியும் என்பதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் சனிக்கிழமைகளில் நான் ரோஸ் ஹில் பேருந்து நிலையத்துக்குப் போய், எந்தப் பேருந்தில் ஏறுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். இரண்டு டோல் பூரி வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கே திரும்பிய நாட்களும் உண்டு. தைப்பூசம் நெருங்கிய சமயம் எங்கள் கோயிலில் கொடியேறியது. காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதத்தில் இருந்தார்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டார். மறுக்க வாய் வராமல் போனேன். நம் ஊரில் காவடியன்று வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவது உங்களுக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் பூசணியும் வாழைக்காயும் பலாக்காயும் நறுக்குவது இரவெல்லாம் செய்தாலும் முடியாத வேலை. எட்டுப் பேர் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து நறுக்கினோம். யாரும் என் மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை. மழை வருமா, அடுப்புக்கு விறகு போதுமா, இந்த ஆண்டுப் பலாக்காயில் பால் ஏன் இவ்வளவு வடிகிறது என்பதுதான் பேச்சு. விடியற்காலை இரண்டு மணிக்குத் தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரு பேருந்து ஓட்டுநர் தாமாகவே தம் மகனைப் பற்றிய கவலையைச் சொன்னார்; நான் என்னுடையதைச் சொன்னேன். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால் இருவருமே வாய் திறந்திருக்க மாட்டோம். கைக்கு ஒரு வேலையும் கண்ணுக்குப் பார்க்க ஒரு காயும் இருந்ததால் பேச முடிந்தது. ஆண்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் பேச்சு வருகிறது என்று அன்று முதல் நம்புகிறேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் இடம், நீங்கள் அஞ்சும் அதே கோயில்தான். ஆனால் தரிசனத்துக்குப் போகிறவராக அன்றி, சமையல்கட்டில் வேலை செய்பவராகப் போங்கள். தரிசனத்துக்கு வந்தவரை வராந்தாவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். கையில் கத்தியோடு உட்கார்ந்திருப்பவரிடம் "அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்கள்" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். தைப்பூசத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிந்தன் பூசைக்கும் ஆள் தேவைப்படும். மீறி யாராவது பழைய கதையைத் தொடங்கினால் ஒரே ஒரு வாக்கியத்தை மனத்தில் தயாராக வைத்திருங்கள்: "நாங்கள் இருவரும் பேசித்தான் பிரிந்தோம், பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள்." அதற்குமேல் விளக்கம் தராதீர்கள். விளக்கினால் அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

கோயிலில் நாட்டம் இல்லையென்றால் மலையேற்றம் இருக்கிறது. 812 மீட்டர் உயரமுள்ள லே பூஸ் மலையில் மோக்கா பக்கத்துப் பாதையில் ஏறுவது நடுத்தர வயதுக்காரருக்குக் கடினம் அன்று. உச்சிக்கு அருகே கடைசிப் பாறைப்பகுதி மட்டும் செங்குத்தாக இருக்கும், அங்கே கையூன்றி ஏற வேண்டும். 1836-இல் சார்லஸ் டார்வின் இந்தத் தீவுக்கு வந்தபோது ஏறிய மலை அது. அடுத்த நாள் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு செய்தியும் கிடைக்கும். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் போர்ட் லூயிஸ் துறைமுகம், மறுபக்கம் கரும்புத் தோட்டங்கள். மழைக்காலத்தில், குறிப்பாகப் புயல் வீசும் ஜனவரி முதல் மார்ச் வரை, பாறை வழுக்கும் என்பதால் போகாதீர்கள். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். தனியாக ஏறாதீர்கள். உங்கள் பள்ளியிலேயே நடக்க விரும்பும் ஓர் ஆசிரியராவது இருப்பார், அவரைக் கேளுங்கள். விருந்துக்கு அழைப்பதைவிட நடக்க அழைப்பது எளிது. அதில் செலவு இல்லை, மேசையில் இணை இணையாக உட்கார வேண்டியதும் இல்லை.

இசையோ யோகாவோ கற்க ஆர்வம் இருந்தால் ஃபீனிக்சில் உள்ள இந்திரா காந்தி இந்தியப் பண்பாட்டு மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. கால அட்டவணையை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ரயில் உங்கள் ஊர் வழியாகவே ஓடுவதால் போக்குவரத்தும் ஒரு தடையாக இராது.

கல்லூரி நண்பர்களைப் பற்றி நீங்கள் நினைப்பது பாதிதான் உண்மை. அவர்கள் உங்களை ஒதுக்கவில்லை, அழைத்தால் நீங்கள் வருந்துவீர்களோ என்று தயங்குகிறார்கள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் மறுத்துவந்ததால் அந்தத் தயக்கம் வழக்கமாகிவிட்டது. அதை உடைக்க வேண்டியவர் நீங்கள்தான். எல்லோரையும் ஒருசேர அழைக்காமல், அவர்களில் ஒருவரை மட்டும் ஞாயிறு காலை மேற்குக் கரையில் உள்ள ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்கு நீந்த அழையுங்கள். நீந்தி முடித்துச் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தால், பக்கத்துக் குடும்பத்தார் ஒரு தட்டுப் பிரியாணியை நீட்டாமல் இருப்பது நம் நாட்டில் அரிது. வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை நீங்களும் ஒரு பொட்டலம் கத்தோ பிமா என்னும் மிளகாய் வடை அதிகமாக வாங்கிப் போங்கள். அடுத்த திருமண அழைப்பு வரும்போது பந்திக்கு முன் எழுந்துவராமல், பரிமாறுகிறவர்களோடு சேர்ந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

மறுமணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெளியே வரத் தொடங்கியதும் உறவினர்கள் கேட்பார்கள். இந்த ஓராண்டில் அந்தப் பேச்சை ஏற்காதீர்கள் என்பது என் கருத்து. தனிமை தாங்காமல் எடுக்கும் முடிவில், எதிரே இருப்பவரை நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலையில் ஒரு ரம் பாட்டிலோ, ஷாம் த மார்ஸ் குதிரைப் பந்தயச் சீட்டோ துணைக்கு வந்து உட்கார்ந்துகொள்ள இடம் கொடுக்காதீர்கள். என்னோடு வேலை செய்த இருவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, உணவில் விருப்பம் இல்லை, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களிலும் மனம் எழவில்லை என்றால், அது கூச்சத்தையும் தனிமையையும் தாண்டிய நிலை. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. வெட்கப்படவும் ஒன்றுமில்லை, தனிமையை உடல்நலப் பிரச்சினையாகவே கருதி உலக சுகாதார நிறுவனம் 2023-இல் ஓர் ஆணையமே அமைத்தது.

ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளைகள் வாசலில் இறங்கும்போது, அங்கே என்ன நடந்தது, என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்காதீர்கள். பையை வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் போன இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் மகன் மலையில் குரங்கு இருந்ததா என்று கேட்பான். மகள் ஒன்றும் கேட்காமல் உங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

கோயிலில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், தம்பி. புதிதாக வருபவருக்கு முதலில் பூசணிக்காயைத்தான் தருவார்கள். தோல் மிகவும் கெட்டியாக இருக்கும், அங்கே இருக்கும் கத்திகள் மழுங்கியவை. வீட்டிலிருந்து நல்ல கத்தி ஒன்றைக் கொண்டுபோங்கள்.