மரம் விழுமா என்று வெட்டுகிறவரிடம் கேட்காதீர்கள்!
வாசகர் கேள்வி – பதில்

ஆடி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மரத்தைப் பற்றித்தான். எல்லாருக்கும் ஒரே கவலை, ஐப்பசி மழைக்கு இது தாங்குமா? இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அப்பா 1983-ல் வீடு கட்டியபோது வைத்த தூங்குமூஞ்சி மரம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியும். போன வருஷம் பின்தெருவில் மழைநீர் வடிகால் தோண்டினார்கள். அதற்கப்புறம் மரம் வீட்டுப் பக்கம் சாய்வதுபோல எனக்குத் தோன்றுகிறது. கணவர், "அது எப்பவுமே அப்படித்தான்" என்கிறார். மரம் வெட்டுகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இந்த மழைக்குத் தாங்காதும்மா, கட்டையை எடுத்துக்கிட்டு ஃப்ரீயா வெட்டித் தர்றேன்" என்றார். வெட்டிவிடலாமா?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: ஆட்டுக்கு ஜுரமா என்று கறிக்கடைக்காரரிடம் போய்க் கேட்ட கதைதான் இது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மரம் விழும் என்று சொன்னால் அவருக்குக் கட்டை கிடைக்கும், விழாது என்று சொன்னால் ஒன்றும் கிடைக்காது. பார்த்துச் சொல்கிறவர் வேறு, வெட்டுகிறவர் வேறு என்று முதலில் பிரித்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க நிபுணர் தேவையில்லை, பழைய ஆல்பத்தை எடுங்கள். பின்வாசலில் யாராவது காதுகுத்துக்கோ பிறந்தநாளுக்கோ நின்று எடுத்த படம் ஒன்று இருக்கும், பின்னணியில் மரம் இருக்கும். அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பல வருஷமாகவே சாய்ந்து, மேலே போகப் போக நிமிர்ந்து வளர்ந்திருந்தால், அந்தச் சாய்வுக்கு ஏற்ப மரம் தன்னைத் தயார் செய்துகொண்டது என்று பொருள். அது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல. ஒரு வருஷத்துக்குள் வந்த சாய்வு என்றால் கதை வேறு.

உண்மையில் என்னை உறுத்துவது சாய்வு அல்ல, அந்த வடிகால்தான். பந்தல்கால் ஒரு பக்கம் சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் கயிறு இழுத்துக் கட்டுகிறோம் இல்லையா, வீட்டுப் பக்கம் சாயும் மரத்துக்குப் பின்தெருப் பக்கத்து வேர்தான் அந்தக் கயிறு. வடிகால் தோண்டியதும் அதே பக்கம். மரத்தின் வேர் ஆழத்துக்குப் போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே, கிளைகள் பரவியதையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன, அதனால் இடுப்பளவு பள்ளம் போதும் அவற்றைத் துண்டிக்க. அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரத்துக்குள் தோண்டாதே என்பது பிரிட்டன் கட்டட வேலைகளில் பின்பற்றும் கணக்கு. உங்கள் மரத்தின் சுற்றளவு 3 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு 95 செ.மீ., அதன் 12 மடங்கு 11 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு டேப்பை எடுத்து மரத்திலிருந்து வடிகால் வரை அளந்து பாருங்கள். 2 மீட்டர், 3 மீட்டர்தான் வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் ஒரு நிபுணரை அழைத்தே ஆகவேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துப் போன மறுநாள் காலை, எங்கள் தெருவில் விழுந்து கிடந்த மே ஃபிளவர் மரம் ஒன்றை ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, ஒரு பக்கம் பிய்ந்த வேர்கள் நார்நாராக வெள்ளையாகத் தொங்க, மறுபக்கம் தொடை பருமனுள்ள மூன்று வேர்கள் கத்தியால் சீவியதுபோல நேராக முடிந்திருந்தன, முனை கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகிற மாதிரி. எப்போதோ குழாய் பதித்தபோது வெட்டியது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் டீக்கடைக்காரர். இலையைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே நல்ல மழைக்கு மறுநாள் பின்தெருப் பக்கத்து மண்ணைக் கவனியுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் பிறை வடிவில் வெடிப்பு, மண் மேடுதட்டுவது, காற்றில் தரை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று இரவே பின்பக்க அறைகளில் படுக்காதீர்கள். எதுவும் இல்லையென்றால் அவசரம் வேண்டாம். முழுசாக வெட்டுவதா, அப்படியே விடுவதா என்று இரண்டே வழி இல்லை. வீட்டுப் பக்கம் நீண்ட கிளைகளின் நுனிப் பாரத்தைக் குறைப்பது, மரத்தடியில் நிற்கும் காரையும் கயிற்றுக்கட்டிலையும் இடம் மாற்றுவது எல்லாம் ஆபத்தைக் குறைக்கிற வேலைகள்தான்.

கேள்வி: மரத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வரவழையுங்கள் என்று எழுதுகிறீர்கள். நம்மூரில் அப்படி யார் இருக்கிறார்கள்? வந்தால் என்ன செய்வார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: நியாயமான கோபம். மனிதனுக்கு, மாட்டுக்கு, ஏசி மெஷினுக்கு ஆள் உண்டு, மரத்துக்குத்தான் ரொம்பக் குறைவு. ஆர்பரிஸ்ட் என்று தேடினால் சென்னை, பெங்களூரு, ஆரோவில் பக்கம் சிலர் கிடைப்பார்கள். ஐ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு அமைப்பு, மரத்தின் ஆபத்தை மதிப்பிடுவதற்கென்றே தனியாகத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம், உங்கள் மாவட்டத் தோட்டக்கலை அலுவலகம், இந்த வரிசையில் போன் போட்டு, யாரை அழைக்கலாம் என்று விசாரியுங்கள்.

வருகிறவர் விஷயம் தெரிந்தவர் என்றால் நேராக மரத்தடிக்குப் போகமாட்டார். தள்ளி நின்று உச்சியைப் பார்ப்பார், ஒரு பக்கம் மட்டும் இலை சிறுத்திருக்கிறதா, நுனி காய்ந்திருக்கிறதா என்று. அப்புறம் கவட்டை. இரண்டு பெரிய கிளைகள் ஒரே பருமனில் குறுகலாகப் பிரியும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து பலமாகத் தெரிந்தாலும் கட்டை ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது, பிளப்பது அங்கேதான். கடைசியில் அடிமரம். மண்ணைக் கொஞ்சம் விலக்கி வேர் தொடங்கும் இடத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார், கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், சுற்றிலும் தட்டிக் காது கொடுப்பார். நல்ல கட்டை 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்கும், பொந்து இருக்கும் இடம் பானையைத் தட்டினதுபோல 'தொம்' என்று விழும். நீங்களே செய்து பார்க்கலாம், வித்தியாசம் நிச்சயம் தெரியும். மெல்லிய ஊசியைத் துளைத்துக் கட்டையின் இறுக்கத்தை அளக்கும் கருவி, ஒலி அலையை அனுப்பி உட்புறத்தைப் படம் போடும் கருவி எல்லாம் உண்டு. ஆனால் முக்கால்வாசி மரங்களுக்குக் கண்ணும் கொட்டாப்புளியும் போதும்.

அவர் கேட்கிற இன்னொரு கேள்வி: விழுந்தால் எதன்மேல் விழும்? வயல் நடுவில் பட்டுப்போன பனை ஆபத்தே இல்லை. குழந்தைகள் தினமும் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் இடத்துக்குமேல் ஒரு காய்ந்த கிளை இருந்தால் அது ஆபத்து. முடிவில் படங்களோடு எழுத்தில் வாங்குங்கள், என்ன குறை, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். வெட்டும் மெஷினோடு வந்து இறங்கி, பத்து நிமிஷத்தில் விலை பேசுகிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேள்வி: 50 வயதான புளியமரத்தில் பெரிய பொந்து. மழைத் தண்ணீர் போகாமல் சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது, இடையில் விரிசல் விட்டு ஈரம் அங்கேயே தங்கி இன்னும் அழுகும். தாரும் பெயின்டும் பூசுவதும் வீண்தான். மரத்துக்கு நம் தோலைப்போலக் காயம் ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதற்கு வெளியே புதுக் கட்டை வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துக் காட்டியது இதைத்தான். பொந்தை அடைக்கப்போய் அந்தச் சுவரைச் சுரண்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

பொந்து இருந்தாலே விழும் என்றும் இல்லை. மூங்கில் குழாய்தானே, நிற்கவில்லையா? மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் கனம், மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்பது ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் சொன்ன ஒரு தோராயக் கணக்கு. 90 செ.மீ. குறுக்களவு என்றால் சுற்றிலும் 15 செ.மீ. நல்ல கட்டை வேண்டும். பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கை நம்பவேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டுக்குமேல் சாய்ந்து நிற்கிறது. அடியில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. சொன்னால், "கஜாவுக்கே விழல, இதுக்கா விழும்?" என்கிறார்.
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: கஜா வந்தது 2018 நவம்பரில், அன்று நின்றது இன்றைக்குச் சான்றாகாது. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு என்றால் உங்கள் பக்கத்துப் பெயரையே தாங்கிய தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்க நிறைய வாய்ப்பு. கானோடெர்மா பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகவைத்துவிடும், முற்றினால் அடியில் காளான் முளைக்கும். சாறு தண்டின் நடுவில் துளைகளிலிருந்து நாரோடு வந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. காதைத் தண்டில் வைத்தால் புழு அரைப்பதுகூடக் கேட்கும். தோட்டக்கலை அலுவலரை வரச்சொல்லி, நோய் எது என்று அவர் எழுதித் தந்ததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட அதற்கு மரியாதை அதிகம்.

அப்படியும் மசியவில்லை என்றால், விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் பிரிவு 152. மனு என்று போனால் உறவு கசக்கும், அதனால் முதலில் பாதிச் செலவை ஏற்கிறேன் என்று சொல்லிப்பாருங்கள்.

கேள்வி: வேப்பமரம் திடீரென்று கருகிப்போய்விட்டது. வெட்டவா?
– வாசகர், தர்மபுரி

பதில்: பொறுங்கள். சில வருஷங்களாகப் பனிக்காலத்தில் பல ஊர்களில் வேம்பின் நுனிகள் கருகுகின்றன, பூஞ்சையும் தேயிலைக் கொசு எனும் பூச்சியும் காரணம். நிறைய மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. சிறு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

கேள்வி: வருஷா வருஷம் மழைக்கு முன் மரங்களை மொட்டையடித்துவிடுகிறோம். சரிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: முருங்கைக்குச் சரி. "முருங்கையை ஒடித்து வளர்க்கணும்" என்று சொன்னவர்கள் முருங்கையைத்தான் சொன்னார்கள், நாம் அதை வேம்புக்கும் வாகைக்கும் செய்துகொண்டிருக்கிறோம். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக வரும் புதுக் கிளைகள் பட்டையை ஒட்டித்தான் பிடித்திருக்கும். வெட்டுவாயில் அழுகல் இறங்க இறங்க, அவை பருத்து நாலைந்து வருஷத்தில் ஒரு புயலுக்கு உரிந்து விழும். காய்ந்தது, உரசுவது, வீட்டுமேல் நீள்வது, இவற்றை மட்டும் எடுங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைப்பாக ஒரு காலர் மாதிரி இருக்கும், அதை விட்டு அதற்கு வெளியே அறுக்கவேண்டும். கனமான கிளை என்றால் முதலில் கொஞ்சம் தள்ளி அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு இன்னும் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியில் மிச்சக் கட்டையை எடுங்கள், இல்லாவிட்டால் பட்டை கீழ்வரை கிழிந்துகொண்டு வரும். மின்கம்பி பக்கம் போகும் கிளைமேல் மட்டும் நீங்கள் கைவைக்காதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி சப்ளையை நிறுத்தச் செய்யுங்கள்.