‘கொடு’வுக்குள் இருக்கும் காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நாவல் ஒன்றின் தாள்களில், அடிக்காமல் விட்ட சொற்களே கவிதையாக நிற்கும் பிளாக்அவுட் கவிதை செய்து பார்க்கிறேன். வேண்டிய சொற்களை விட்டுவிட்டு மற்றதைப் பெர்மனன்ட் மார்க்கரால் அடித்தால், மை பரவி, விட்டுவைத்த சொல்லையும் விழுங்கிவிடுகிறது. தப்பிய சொற்களோ பட்டியல் மாதிரி ஒட்டாமல் நிற்கின்றன. எங்கே பிழை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மை பரவுவதற்குக் கையைக் குறை சொல்லாதீர்கள். அந்த மார்க்கரின் மை ஆல்கஹாலில் கரைந்தது. பழைய தாளின் இழை வழியே ஓடும், பின்பக்கமும் ஊறும். அக்ரிலிக் மார்க்கர் மேலேயே படியும். முதலில் பென்சிலால் சொற்களைக் கட்டம் கட்டி, எழுத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி 0.3 மி.மீ. பேனாவால் கோடிழுங்கள். ‘கி’யின் விசிறி மறைந்தால் அது வெறும் ‘க’. அடியில் அட்டை வைத்து, வரியோடு ஒரே வீச்சில் அடியுங்கள். ஈரத்தில் திரும்பத் தேய்த்தால் தாள் உரியும். நொறுங்கும் தாளென்றால் லேசர் நகல் எடுத்து அதில் செய்வதே மேல்.

சொற்கள் ஒட்டாததற்குக் காரணம் வேறு. பெயர்ச்சொற்களாகப் பொறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் சொற்களை ஒட்டும் பசை பெரும்பாலும் தனிச்சொல்லாகக் கிடைக்காது; உருபிலும் எச்சத்திலும்தான் இருக்கிறது. ‘மழை, கடிதம்’ பட்டியல். ‘மழையில் நனைந்த கடிதம்’ வாக்கியத்தின் பாதி. ஆகவே நனைந்த, விட்டு, போகும் போன்ற எச்சங்களை முதலில் குறியுங்கள். ‘வந்தான்’ போன்ற வினைமுற்று கவிதையைப் பூட்டிவிடும். ஒன்று போதும், அதுவும் கடைசியில்.

சொல்லையே வெட்டவும் செய்யலாம். ‘மழையில்’ என்பதில் ‘யில்’ மறைந்தால் மழை முழுசாக நிற்கும். ‘மரத்தில்’ அப்படி மரத்தைத் தராது, ‘மர’ என்று மொட்டையாக நிற்கும். ‘கடலில்’ என்பதன் ‘லி’யை மறைத்தால் கடல்தான், ஆனால் நடுவில் கருப்பு விழுந்து கண் இரண்டு துண்டாகப் படிக்கும். ஓரத்தில் வெட்டுவதே நல்லது. எனக்குப் பிடித்தது ‘கொடு’: கொம்பை மறைத்தால் காடு, காலை மறைத்தால் கெடு, இரண்டையும் மறைத்தால் கடு.

உங்கள் நாவல் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணா, றா, னா மூன்றையும் கவனியுங்கள். அவற்றில் கால் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருக்கும். ‘னொ’வில் கொம்பை மறைக்கலாம், காலை மட்டும் பிரிக்க வழியில்லை.