வாசகர் கேள்வி: பேச்சைப் பாராட்டி இனத்தைத் தாழ்த்தலாமா?

கேள்வி: 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத்துப் பெருந்தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த நான், இப்போது ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். பரிசளிப்பு விழாவில், அறுவடைக் காலத்தில் மாணவர் வரவு குறைவதைப் பற்றிப் பேசி முடித்தபோது, விருந்தினரான பெரியவர் ஒருவர், "பிள்ளையின்ர தமிழைக் கேட்டால் மலையகத்து ஆள் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்" என்று மேடையிலேயே பாராட்டினார். நன்றி சொன்னேன், மனம் ஆறவில்லை. வீணாக நோகிறேனா?

— வாசகி, கிளிநொச்சி

பதில்: இல்லை. அவர் உங்களைப் புகழவே எண்ணினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், மலையகத்தவருக்கு நல்ல தமிழ் வராது என்ற எண்ணம் முன்பே அவர் மனத்தில் ஊறியிருந்ததனால்தான் உங்கள் பேச்சு அவருக்கு வியப்பளித்தது. வெளிப்படையாகச் சொல்லக் கூசும் 'தோட்டக்காட்டார்' என்ற ஏச்சு இந்தப் பாராட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அவர் சொன்ன 'எண்டு', 'சொல்லமாட்டினம்' என்பனவும் ஏட்டுத் தமிழல்ல. அவற்றை எவரும் குறையாகக் கொள்வதில்லை, கொள்ளவும் கூடாது.

2007 இல் அமெரிக்காவில் ஜோ பைடன், பராக் ஒபாமாவைச் சொல்வன்மையும் அறிவும் வாய்ந்த முதல் முன்னணிக் கறுப்பினத்தவர் என்ற பொருள்படப் புகழ்ந்து, கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார். கறுப்பினத்தவர்களான ஷேர்லி சிஸம் 1972 இலும் ஜெஸி ஜாக்சன் 1984 இலும் ஜனாதிபதி வேட்பாளராகும் போட்டியில் இறங்கி ஊர் ஊராகப் பேசியிருந்ததை அப்புகழுரை இல்லாததாக்கிவிட்டது.

வன்னியில் இது இன்னும் ஆழமாகத் தைக்கிறது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பின்னர் அடித்து விரட்டப்பட்டு வந்த மலையகத்தவர்கள், இங்கே காடு வெட்டினார்கள், பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளை மேடையேறிப் பேசும்போது, அந்தப் பேச்சின் பொருளைவிட அது யாருடைய சாயலில் இல்லை என்பதே கவனிக்கப்படுகிறது. அறுவடைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி அந்தப் பெரியவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே! மண்டபத்தில் இருந்த மலையக வழி மாணவர்கள், வீட்டுப் பேச்சை மறைத்தால்தான் மதிப்புண்டு என்று அன்று விளங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதே எனக்குப் பெருங்கவலை.

அவரை மீண்டும் சந்தித்தால், "ஐயா, நாங்கள் மலையகத்து ஆக்கள்தான், எங்கட வீட்டிலயும் நல்ல தமிழ்தான். பிள்ளையள் பள்ளிக்கூடம் வராததுக்கு என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ" என்று மரியாதையாகவே கேளுங்கள். அதற்கு முன், உங்கள் பூர்வீகத்தை வகுப்பில் நீங்களே சொல்லிவிடுங்கள். பரீட்சைத் தாளுக்குரிய எழுத்துத் தமிழை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கற்பியுங்கள், வீட்டு வழக்கில் கதைக்கும் பிள்ளையை மற்றவர்கள் சிரிக்க விடாதீர்கள்.