ஹைட்ரஜன் அயனியும் புரோட்டானும் ஒன்றா? ஒன்று என்றால் இரண்டு பெயர் எதற்கு?

சாதாரண ஹைட்ரஜனைப் பொறுத்தவரை ஒன்றுதான். அதன் அணுவில் இருப்பது ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான், அவ்வளவே. நியூட்ரான் கிடையாது. எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒரு புரோட்டான். அதுதான் ஹைட்ரஜன் அயனி.

பெயர் இரண்டானது வரலாற்றால். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன், ஹைட்ரஜன் அயனிச் செறிவை வைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவை வகுத்தது 1909இல். அணுவுக்குள் கரு என்று ஒன்று இருப்பதையே ரூதர்ஃபோர்டு 1911இல்தான் சொன்னார். புரோட்டான் என்ற பெயரை அவர் வைத்தது 1920இல். வேதியியல்காரர்கள் அதற்குள் தங்கள் பெயருக்குப் பழகிவிட்டார்கள்.

ஆனால் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பீக்கரில் இருக்கும் அமிலக் கரைசலில் தனிப் புரோட்டான் எதுவும் சுற்றித் திரிவதில்லை.

சோடியத்தைப் பாருங்கள். ஒரு எலக்ட்ரானை இழந்த பிறகும் அதனிடம் இன்னும் 10 இருக்கும். சற்றுச் சுருங்கினாலும் அயனி அணு அளவில்தான் இருக்கும். ஹைட்ரஜனிடம் இருந்ததே ஒன்று. அதுவும் போய்விட்டால் வெறும் கருதான் மிஞ்சும். அளவு சுமார் 60,000 மடங்கு குறைந்துவிடும். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு முழு நேர்மின்சுமை அடைந்து கிடந்தால் அது சும்மா இருக்குமா? பக்கத்தில் எலக்ட்ரான் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜனிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் தயாராக இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஹைட்ரோனியம், அதாவது ஒரு புரோட்டான் கூடுதலாக ஒட்டிய நீர் மூலக்கூறு, ஆகிவிடுகிறது. புரோட்டான் இப்படித் தண்ணீரில் சேரும்போது வெளியாகும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 1100 கிலோஜூல். அதைவிட்டுத் தானாகக் கழன்று வர வழியே இல்லை.

ஹைட்ரோனியமும் நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. சில சமயம் அதைச் சுற்றி மூன்று நீர் மூலக்கூறுகள் இறுக்கமாக நிற்கும். சில சமயம் இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே புரோட்டான் பங்கு போடப்பட்டிருக்கும். இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையே கண நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்த விஷயமே இதற்கு அடுத்ததுதான். ஒரு நீர் மூலக்கூறு புரோட்டானை வாங்கியதும் தன்னிடமிருந்த வேறொன்றை அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. இந்த முனையில் ஏறியது ஒன்று, அந்த முனையில் இறங்குவது இன்னொன்று. மின்சுமை மட்டும் கடகடவென்று நகர்ந்துவிடுகிறது. தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி சோடியம் அயனியைவிடச் சுமார் ஏழு மடங்கு வேகமாக நகர்வதற்குக் காரணம் இதுதான். 1806இலேயே குரோட்டஸ் என்பவர் இதைப் போன்ற ஒரு கைமாற்றத்தை ஊகித்திருந்தார். அப்போது எலக்ட்ரானையே யாருக்கும் தெரியாது!

இன்னும் இரண்டு விதிவிலக்குகள். ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் எலக்ட்ரானை இழந்தால் கிடைக்கும் அயனியில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் இருக்கும். அதற்குப் பெயர் டியூட்டெரான். ஹைட்ரஜன் ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாக வாங்கிக்கொண்டால் அதுவும் ஹைட்ரஜன் அயனிதான், எதிர்மின் அயனி, அதாவது ஹைட்ரைடு. ஜெனீவா செர்ன் ஆய்வகத்தில் 2020 முதல் புரோட்டான் கற்றைக்கு மூலமே இந்த ஹைட்ரைடுதான். லினாக்4 என்ற முடுக்கியில் 160 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலை ஏற்றி, மெல்லிய கார்பன் தகட்டின் வழியாகப் பாய்ச்சி இரண்டு எலக்ட்ரான்களையும் உரித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வெற்றிடக் குழாயில் ஓடுவது அசல் தனிப் புரோட்டான்.

சரி, தேர்வில் என்ன எழுதுவது? சமன்பாட்டில் ஹெச் பிளஸ் என்று போட்டால் மதிப்பெண் போகாது. அது சுருக்கக் குறியீடு என்று எல்லோருக்கும் தெரியும். பிஹெச் கணக்கிலும் விடை மாறாது. 'நீரில் ஹைட்ரஜன் அயனி எந்த வடிவில் இருக்கிறது' என்று கேட்டால் மட்டும் ஹைட்ரோனியம் என்று எழுதுங்கள்.