கண்ணைக் கட்டுவதற்கு முன்னால் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மாணவர்களின் கண்ணைக் கட்டி வளாகத்தைச் சுற்றி நடக்கவிடலாம், சக்கர நாற்காலியில் ஆளுக்கு ஒரு சுற்று உட்காரவைக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். என் வகுப்பில் காது கேட்கும் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளை அன்று மேடையில் பேசவைக்கலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: கண்கட்டு நடையை முதலில் கைவிடுங்கள். நானும் ஒரு காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய் அதை நடத்தியவன்தான். ஒருமுறை கட்டை அவிழ்த்ததும் ஒரு பையன், “இப்படி வாழ்வதற்குச் செத்துவிடலாம் சார்” என்றான். பார்வையில்லாத நண்பர் ஒருவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்று காலை இரண்டு பஸ் மாறித் தனியாக வந்து சேர்ந்தவர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டினால் தெரிவது இருட்டும் தடுமாற்றமும்தான். வெள்ளைக் கோல் தரையைத் தட்டும் ஓசையை வைத்தே மண்ணா சிமென்டா, பக்கத்தில் சுவரா வெட்டவெளியா என்று கணிக்கும் பழக்கம் அதற்குள் வந்துவிடாது. ஏரியல் சில்வர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். அவருக்கும் பார்வை இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்ப்பதும் தனித்து வாழ்வதும் கடினம் என்றே மற்றவர்களைவிட அதிகமாக எண்ணினார்கள்.

அதற்குப் பதிலாக மாணவர்கள் கையில் அளவு நாடாவைக் கொடுத்துப் பள்ளியை அளக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. ஒரு பங்கு உயர பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். வகுப்பறை வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்தம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் அது இரண்டு மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. ஏற்றும்போது தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது பிடி நழுவும். வாக்குச்சாவடி ஆகும் அறைக்குச் சாய்தளம் இருக்கும், கழிப்பறைக்கு இருக்காது. (ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருபவருக்கு வழி உண்டு, தினமும் வரும் பிள்ளைக்கு இல்லை!) கதவின் அகலத்தையும் அளக்கட்டும், 90 செ.மீ. இருந்தால் நல்லது. ஒன்பதாம் வகுப்பு என்கிறீர்கள், முக்கோணவியல் பாடம் இருக்கிறது. 1:12 சரிவு எத்தனை பாகை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அளவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கட்டும்.

அடுத்து, பிள்ளைகள் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. “அவனுக்கு மட்டும் ஏன் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல்? சொல்வதை எழுத ஆள் வேறு!” இதை அதட்டி அடக்காதீர்கள். ஒரு மாணவி கணக்கின் விடையை வாயால் மட்டும் சொல்லட்டும், இன்னொருத்தி எழுதட்டும். சொல்லாத எதையும் எழுதுபவள் சேர்க்கக் கூடாது. “எக்ஸ் கூட்டல் மூன்று, இல்லை, அடைப்புக்குறி போட்டுக்கொள், அதற்குக் கீழே கோடு, முழுவதற்கும் கீழே...” நான்கு வரி எழுதுவதற்குள் வகுப்பே நெளியும். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்பது தானாகப் புரிந்துவிடும். பார்த்தால் தெரியாத குறைபாடுகளைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் அடக்கம்.

மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசாமல் டிசம்பர் 3 போகாது. தாராளமாகப் பேசுங்கள். உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஆனால் “அவரே சாதித்துவிட்டார், இரண்டு காலும் நன்றாக இருக்கும் உனக்கு என்ன கேடு?” என்று மட்டும் முடிக்காதீர்கள். அது அவருடைய உழைப்பை நம் பிள்ளைகளைத் திட்டுவதற்கான பிரம்பாக்கிவிடுகிறது.

விருந்தினரை அழைப்பதாக இருந்தால், தன் கஷ்டத்தைச் சொல்ல அழைக்காதீர்கள். ஏதாவது கற்றுத்தர அழையுங்கள். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அரைமணி நேரத்தில், விரலால் தடவிப் படிக்கும் தமிழ் பிரெய்ல் எழுத்துகள் பத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுவார். ‘அ’வுக்கு ஒரே புள்ளி. ‘ம்’ எழுதும்போது நாம் தலைமேல் வைக்கும் புள்ளி அங்கே எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வருபவருக்குப் பொன்னாடையோடு நிறுத்திவிடாமல் மற்ற பேச்சாளர்களுக்குத் தருகிற மதிப்பூதியத்தையும் கொடுங்கள்.

இனி உங்கள் மாணவி. அவள் காதில் விழும்படி “செவிடன் காதில் ஊதிய சங்கு” என்று வகுப்பைத் திட்டியிருக்கிறீர்களா? நான் திட்டியிருக்கிறேன். ‘நொண்டிச் சாக்கு’ம் அப்படித்தான், நினைக்காமலேயே வாயில் வந்துவிடும். பிள்ளைகளின் பேச்சைத் திருத்துவதற்கு முன் ஆசிரியர் அறையில் தொடங்குங்கள்.

அவள் உங்கள் உதட்டையும் பார்த்தே பாடத்தைப் பிடிக்கிறாள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் பாதி போய்விடும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் உங்கள் முகம் இருட்டாகிவிடும். கத்தவும் வேண்டாம், கத்தும்போது உதட்டசைவு கோணிப்போகும். கடகடவென்று சத்தமிடும் மின்விசிறிக்கு அடியில் அவளை உட்காரவைக்காதீர்கள். மற்றவர்கள் பேசும்போது யார் பேசுகிறார் என்று கைகாட்டுங்கள். கருவியைப் பற்றிய சந்தேகங்களுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள்.

மேடை விஷயத்தை அவளிடமே, மற்றவர்கள் இல்லாதபோது கேளுங்கள். பேச விரும்பினால் எதைப் பற்றி என்பதை அவளே சொல்லட்டும். அது கருவியைப் பற்றியதாக இல்லாமல் கபடியைப் பற்றியதாகவும் இருக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.